பெஸ்டோவை ஊறுகாய் அலமாரியில் வைக்காதீர்கள்

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டத்திலோ மாடியிலோ ஒரு பேசில் செடி இருந்தால் பெஸ்டோவை வீட்டிலேயே அரைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலில் வாங்காதீர்கள். இது ஒன்று. அரைத்ததை ஊறுகாய் என்று நினைத்து அலமாரியில் வைக்காதீர்கள். இது இன்னொன்று. முதல் விஷயத்துக்கு என்னோடு யாரும் சண்டைக்கு வருவதில்லை. இரண்டாவதைச் சொன்னதற்கு என் சொந்த மைத்துனியே இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாள். எதையும் எழுத்தில் ஏற்றினால்தான் எனக்குத் தூக்கம் வரும். அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவன் புத்தி அது. ஆகவே இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெஸ்டோ என்பது இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுக ஊரின் பண்டம். பேசில் இலை, பூண்டு, பைன் மரத்து விதை, கல்லுப்பு, இரண்டு வகை சீஸ், ஆலிவ் எண்ணெய். இவ்வளவுதான். அடுப்பே கிடையாது. அந்த ஊர் மொழியில் ‘பெஸ்தாரே’ என்றால் இடிப்பது. இடித்தது என்பதுதான் பெயரே. ஜெனோவாவிலிருந்து கடற்கரையோடு மேற்கே போனால் பிரான்சின் ப்ரொவான்ஸ் வந்துவிடும். அங்கே இதற்குப் ‘பிஸ்து’ என்று பெயர். விதை போட மாட்டார்கள். வெள்ளை அவரை, பீன்ஸ், உருளை, சுரைக்காய் ஜாதியில் ஒரு காய், தக்காளி எல்லாம் வேகவைத்த சூப்பில், இறக்கிய பிறகு கலந்து சாப்பிடுவார்கள். என் வயதில் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களில் சிலருக்கு இந்தச் சூப் பெயராவது ஞாபகம் இருக்கும். எங்களுக்குப் பாடம் சொன்ன ஒரு மதாம் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். இலக்கணம் நடத்திக்கொண்டே இருப்பார், திடீரென்று அவருக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். அப்புறம் அன்றைக்கு வினைச்சொல் திரிபு கிடையாது, சூப் மட்டும்தான்.

அந்த வகுப்பில்தான் ‘பசிலிக்’ என்ற சொல்லைக் கற்றேன். அந்தச் செடி எங்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே நின்றது என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று. பாட்டி அதைத் திருநீத்துப்பச்சை என்பாள். திருநீற்றுப்பச்சிலை. பூக்கட்டுகிறவர்கள் கதம்பத்தில் வாசனைக்குச் சேர்ப்பது அதுதான். ஃபலூடாவிலும் ரோஸ்மில்க்கிலும் மிதக்கிற கருப்பு சப்ஜா விதை அதன் விதைதான். சாஸ்திரப் பெயர் ஓசிமம் பசிலிகம். ஜெனோவாக்காரன் பெஸ்டோவுக்குப் போடுவதும் அதே ஓசிமம் பசிலிகம். ரகம்தான் வேறு.

ஆகவே தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் சமையல் சொல்கிறவர்கள் பேசில் என்றால் துளசி என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. பக்தியில் வருகிற கோபம் இல்லை. துளசி வேறு செடி, ஓசிமம் டெனுய்ஃப்ளோரம். அதில் கிராம்பு வாடையும் காரமும் தூக்கலாக இருக்கும். இருமல் கஷாயத்துக்கு அது பொருத்தம். ஐம்பது கிராம் துளசியைப் பச்சையாக அரைத்து நூடுல்ஸில் பிசைந்தால் கஷாயத்தைச் சாப்பிட்ட மாதிரிதான் இருக்கும். ஒருமுறை அப்படிச் செய்து சாப்பிட்டவர்கள், ‘பெஸ்டோவா, அது நமக்குச் சரிப்படாது’ என்று முடிவுகட்டி விடுகிறார்கள். சரிப்படாதது அந்த மொழிபெயர்ப்பு. நமக்கு அந்தச் செடிக்குச் சொந்தப் பெயர் இருக்கும்போது அதைச் சொன்னால் என்ன?

திருநீற்றுப்பச்சிலையிலேயே பெஸ்டோ செய்யலாமா என்று கேட்பீர்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன். ஆகும். ஆனால் நம் ஊர்ச் செடிக்கு வாசனை முரடு, இலை சின்னது, சீக்கிரம் நார் விடும். ஜெனோவா ரகத்தின் இலை குழந்தையின் உள்ளங்கை மாதிரி மெத்தென்று குழிந்திருக்கும், வாசனையில் இனிப்பு தெரியும். அந்த ஊரில் இதற்கென்று சட்டமே வைத்திருக்கிறார்கள். 2005-இல் ‘பசிலிகோ ஜெனோவேசே’ என்பதற்கு ஐரோப்பிய யூனியனின் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்தது, நம் திண்டுக்கல் பூட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் புவிசார் குறியீடு இருப்பதுபோல. இலையில் புதினா வாடை அடிக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டளை. விதைப் பொட்டலம் இங்கேயே கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. ஒரு பொட்டலம் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

வளர்ப்பதில் சில சங்கதிகள். ஐப்பசி மழையில் விதைத்தால் வேர் அழுகிப்போகும். நான் கார்த்திகை கழிந்து மழை ஓய்ந்த பிறகு விதைப்பேன். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் இலை கிடைக்கும். சித்திரை வெயிலில் செடி பூக்கத் துடிக்கும். பூவிட்டால் இலை தடித்துக் கசப்பு ஏறும். ஆகவே பூங்கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிட வேண்டும். இலை பறிப்பதிலும் முறை உண்டு. கீழே இருக்கிற பெரிய இலையாகப் பார்த்துப் பறிப்பவர்கள் செடியை மொட்டையான குச்சி ஆக்கிவிடுவார்கள். நுனியை, இரண்டு இலை பிரிகிற கணுவுக்கு மேலே கிள்ளினால் அங்கிருந்து இரண்டு கிளை வரும். கிள்ளிய தண்டைத் தண்ணீர் டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைத்தால் பத்து நாளில் வேர் விடும், இன்னொரு செடி கிடைத்துவிடும். பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதற்கு இது நல்லது. வேப்பெண்ணெய் தெளித்தால் மாவுப்பூச்சி போகும், ஆனால் பெஸ்டோவில் வேப்பம் வாடை வரும். நான் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவதோடு சரி.

இத்தாலிக்காரர்களுக்கு இந்தச் செடி வெறும் சமையல் விஷயம் மட்டும் இல்லை. போக்காச்சியோ எழுதிய தெக்காமெரோன் கதைகளில் ஒருத்தி, அண்ணன்மார் கொன்றுபோட்ட காதலனின் தலையை எடுத்துவந்து பேசில் தொட்டியில் புதைத்துக் கண்ணீரால் வளர்ப்பாள். தொட்டி மண்ணைக் கிளறும்போது எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரும். மனைவியிடம் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம். அவள் ஒரு வாரம் அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை.

இனி, பாட்டில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். பாண்டிச்சேரியில் பாதி வீடுகளுக்குப் பிரான்சில் சொந்தம் உண்டு. அங்கிருந்து வருகிறவர்கள் சாக்லேட், வாசனைத் தைலம், சீஸ் இவற்றோடு இப்போதெல்லாம் பெஸ்டோ பாட்டிலும் கொண்டுவருகிறார்கள். என் அண்ணன் மகள் போன டிசம்பரில் இரண்டு கொண்டுவந்தாள். நான் எதையும் திறப்பதற்கு முன் லேபிளைப் படிப்பவன். பின்பக்கம் பொடி எழுத்தில் பிரெஞ்சில் எழுதியிருந்தது: சூரியகாந்தி எண்ணெய், முந்திரி, உருளைக்கிழங்குத் துகள், புளிப்புக்கு ஓர் அமிலம். பைன் விதையும் ஆலிவ் எண்ணெயும் கடைசி வரிசையில், பேருக்கு. முந்திரியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பண்ருட்டி நமக்குப் பக்கத்து ஊர். பாரிசிலிருந்து விமானத்தில் முந்திரி அரைத்த விழுதைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுவந்து கொடுக்கிறாள் பிள்ளை. அவளிடம் சொல்லவில்லை. பாசத்தோடு கொண்டுவந்ததை லேபிள் படித்துக் குறை சொல்லக் கூடாது. ஆனால் காசு கொடுத்துக் கடையில் வாங்குகிறவர்கள் அவசியம் படியுங்கள். பாட்டில் சரக்கு பல மாதம் கெடாமல் இருக்க வேண்டும், அதற்காகச் சூடுபடுத்துகிறார்கள். சூடு பட்ட பேசிலுக்கு வாசனை போய்விடும், காய்ந்த புல் மணம்தான் மிஞ்சும்.

அப்படியானால் நான் எதைப் போடுகிறேன்? முந்திரிதான்! ஆலைக்காரன் போட்டால் மலிவுக்காகப் போடுகிறான், நான் போடுவது என் ஊர் சரக்கு என்பதற்காக. இது வழக்கறிஞர் வாதம் மாதிரி இருக்கிறதென்று என் நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கட்டும். பைன் விதை இமாசலத்துக் கின்னௌர் பக்கத்தில் சில்கோசா என்ற பெயரில் விளைகிறது. ஆனால் விலையைக் கேட்டால் பென்ஷன்காரன் திரும்பி நடந்துவிட வேண்டியதுதான். வறுக்காத பச்சை முந்திரி அதே வெண்ணெய்த் தன்மையைத் தருகிறது. மிச்சமாகும் காசை எண்ணெயிலும் சீஸிலும் போடுங்கள். அந்த இரண்டில் கஞ்சத்தனம் பார்த்தால் பண்டம் இல்லை. நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், அது வந்தால் அதன் வாசனைதான் ராஜ்ஜியம் நடத்துகிறது. கடலையெண்ணெயும் அப்படியே. ஆலிவ் எண்ணெயில் முதல் பிழிவு, சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

சீஸ் விஷயத்தில் சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அசல் பார்மிஜானோவைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். அது அவர்கள் விதி. சைவ ரென்னட்டில் செய்த கெட்டி சீஸ் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. ஆரோவில்லிலும் சீஸ் செய்கிறார்கள். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். அசல் இல்லாமல் பெஸ்டோவா என்று யாராவது மூக்கைச் சுளித்தால் அவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். 1863-இல் ஜெனோவாவில் ஜொவான்னி பத்தீஸ்தா ராட்டோ என்பவர் ‘லா குச்சினியேரா ஜெனோவேசே’ என்ற சமையல் புத்தகத்தை வெளியிட்டார். பெஸ்டோவின் குறிப்பு அச்சில் வந்ததற்கு அதைத்தான் பழைய ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதிலே டச்சு சீஸ் போடச் சொல்லியிருக்கிறார்! பேசில் கிடைக்காவிட்டால் வேறு தழையும் போடலாம் என்கிறார். துறைமுக ஊர், கப்பலில் வந்த சீஸை எடுத்துக்கொண்டார்கள். துறைமுகமாக இருந்த இன்னொரு ஊரில் இருந்துகொண்டு நான் முந்திரி போடுகிறேன்.

கடற்கரையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றி விவாதம் வந்தது. ‘என்னய்யா பெரிய பெஸ்டோ, கொத்தமல்லித் தொகையல்தானே?’ என்றார் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். பாதி சரி. கல்லில் நசுக்குவது, பருப்பு வகை ஒன்று சேர்ப்பது, உப்பு, பூண்டு எல்லாம் தொகையல் ஜாதிதான். ஆனால் தொகையலில் நாம் எதையும் வதக்காமல் விடுவதில்லை. மிளகாயும் புளியும் இல்லாமலும் விடுவதில்லை. பெஸ்டோ அடுப்பைப் பார்த்ததே இல்லை, புளியையும் மிளகாயையும் அதற்குத் தெரியாது. இந்த இரண்டு வித்தியாசத்தை மறக்காதீர்கள். அவருக்கு நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பேச்சைச் சுண்டலுக்கு மாற்றிவிட்டார்.

மிளகாய் இல்லை என்பது எங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக என் மனைவிக்கு வாயின் உட்புறத் தோலில் ஒரு நோய். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர், தொற்றும் இல்லை, ஆனால் மிளகாய், புளி, மிளகு எது பட்டாலும் நெருப்பாக எரியும். ஐம்பது வருடம் வத்தக்குழம்பும் மீன்குழம்பும் வைத்த கை. எங்களுக்கு வைத்துக் கொடுத்துவிட்டு அவள் மோர்சாதம் சாப்பிடுவாள். காலையில் இட்லிக்குப் பால் ஊற்றிக்கொள்வாள். வாய் எரிவதைவிட ருசி செத்துப்போவதுதான் கொடுமை என்பாள். ஆறு மாதத்தில் ஏழு கிலோ இறங்கிவிட்டாள். உப்புப் போட்ட பருப்பு, நெய், கூட்டு என்று நானும் சமையலறைக்குள் போய் என்னென்னவோ செய்தேன். பிள்ளைகள் தொலைபேசியில் யோசனை சொன்னார்கள். வேகவைத்ததை எல்லாம் மசித்துக் கொடுத்துப் பார்த்தோம். ‘என்னைப் பச்சைக்குழந்தை ஆக்கிட்டீங்க’ என்றாள்.

மாடியில் பேசில் இருந்தது. பூண்டைக் கால்வாசியாகக் குறைத்து, எண்ணெய் கொஞ்சம் கூட விட்டு அரைத்து, நூல்சேமியா அளவுக்கு மெல்லிய ஸ்பகெட்டியில் பிசைந்து கொடுத்தேன். முதல் வாய் வைத்துவிட்டு நிறுத்தினாள். எரிகிறதா என்று பயந்தேன். ‘இதில் வாசனை இருக்கு’ என்றாள். தட்டைக் காலி பண்ணினாள். இரண்டு வருடத்தில் அவள் மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான். வாரத்தில் இரண்டு நாள் இப்போது எங்கள் வீட்டில் பெஸ்டோ. இடியாப்பத்திலும் பிசைந்து பார்த்தோம், நன்றாகவே இருக்கிறது. இது மருந்து என்று நான் சொல்லவே இல்லை. நோய் அப்படியேதான் இருக்கிறது, சில நாள் பூண்டு கால்வாசியும் எரிகிறது என்பாள், அன்றைக்குப் பூண்டே இல்லாமல் அரைப்பேன். ஆனால் காரம் ஆகாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட எத்தனையோ பெரியவர்கள் நம் வீடுகளில் தயிர்சாதத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வயசாகிவிட்டது, ருசி எதற்கு என்று வீட்டில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

செய்முறையைச் சொல்கிறேன். நாலு பேருக்கு இலை மட்டும் 50 கிராம், தண்டு இல்லாமல். கழுவித் துணியில் ஒற்றி நன்றாக ஈரம் போக வேண்டும். முந்திரி 20 கிராம், சீஸ் துருவியது 40 கிராம், ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, நாட்டுப்பூண்டில் இரண்டு சின்ன பல், ஒரு சிட்டிகைக் கல்லுப்பு. சீஸிலேயே உப்பு இருக்கிறது, ரத்தக்கொதிப்புக்காரர்கள் கவனிக்கவும். ஜெனோவாவில் பளிங்கு உரலும் மரக் குழவியும். 2007-இலிருந்து அந்த ஊரில் உரலில் பெஸ்டோ இடிக்கும் உலகப் போட்டியே நடத்துகிறார்கள், நூறு பேர் வரிசையாக இடிப்பார்கள். நம் வீட்டில் இஞ்சி இடிக்கிற சின்னக் கல்லுரல் போதும். முதலில் பூண்டும் உப்பும், பிறகு முந்திரி, பிறகு இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக. ஓங்கிக் குத்தாதீர்கள். குழவியைச் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கல்லுப்பு இலையைக் கிழிக்கும். பிறகு சீஸ், கடைசியில் எண்ணெய்.

மணிக்கட்டு வலிக்கிறவர்களுக்கு மிக்ஸி இருக்கிறது, கூடாது என்று சொல்லமாட்டேன். சின்ன ஜாரைப் பிளேடோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். தொடர்ந்து ஓட்டாமல் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி விட்டு விட்டு ஓட்டுங்கள். சூடு ஏறினால் இலை கருத்துவிடும், வாழைக்காயை நறுக்கி வைத்தால் கருப்பதுபோல. எண்ணெயைத் தனியாக வைத்துக்கொண்டு கடைசியில் கரண்டியால் கலந்தால் இன்னும் நல்லது.

ஜெனோவாவில் உருளைக்கிழங்குத் துண்டு, பீன்ஸ், பாஸ்தா மூன்றையும் ஒரே பானையில் வேக வைக்கிறார்கள். கிழங்கு முதலில், பீன்ஸ் பிறகு, பாஸ்தா கடைசி. வடிக்கும்போது ஒரு கரண்டி கஞ்சித்தண்ணீரை எடுத்துவைத்து அதில் பெஸ்டோவை இளக்கி, அடுப்பை அணைத்த பிறகு பிசைய வேண்டும். ரசம் தளதளவென்று கொதிக்கக் கூடாது என்பார்கள் நம் வீட்டில். பெஸ்டோவுக்கு லேசான சூடுகூட நேராக ஆகாது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேசிலில் வைட்டமின் கே நிறைய. கீரையைப் பற்றி உங்கள் டாக்டர் சொன்னது இதற்கும் பொருந்தும். திடீரென்று தினமும் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது மைத்துனி விஷயம். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, செடி வாங்கிப்போய், கைப்பேசியில் படம் பார்த்துத் தானே அரைத்தாள். நல்ல கைப்பக்குவம் உள்ளவள். மூன்று பாட்டில் நிரப்பி, மேலே இரண்டு விரற்கடை எண்ணெய் நிற்கவைத்து, மாங்காய் ஊறுகாய் பக்கத்தில் அலமாரியில் அடுக்கிவைத்திருந்தாள். ஒன்று சென்னையில் இருக்கும் மகனுக்கு, ஒன்று எங்களுக்கு. பத்து நாளாயிற்று என்றாள். நான் கொட்டிவிடச் சொன்னேன்.

‘மாமா, மூணு தலைமுறையா ஊறுகாய் போடற குடும்பம் இது. எண்ணெய் மேலே நின்னா எதுவும் கெடாது.’

‘ஊறுகாய் கெடாததற்குக் காரணம் எண்ணெய் இல்லம்மா.’

‘பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல இதெல்லாம்கூடச் சொல்லிக் கொடுத்தாங்களா?’

அதற்கு மேல் பேச்சு வளர்ந்ததை எழுத வேண்டாம். ஆனால் காரணத்தை எழுதியாக வேண்டும். மாங்காய் ஊறுகாயைக் காப்பாற்றுவது உப்பும் புளிப்பும். கைகொள்ளாமல் உப்புப் போடுகிறோம், மாங்காயிலும் எலுமிச்சையிலும் அமிலம் இருக்கிறது. தொக்கு என்றால் புளியோடு கொதிக்க வைத்துச் சுண்டுகிறோம். எண்ணெய் மேலே நின்று காற்றையும் பூஞ்சணத்தையும் தடுப்பது அதற்குப் பிறகு செய்யும் காவல். பெஸ்டோவில் புளிப்பு இல்லை, உப்பு ஒரு சிட்டிகை, கொதிக்கவே இல்லை. பச்சைப்பூண்டும் பச்சை இலையும் மண்ணிலிருந்து வருகின்றன. மண்ணில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்யுலினம் என்று ஒரு கிருமியின் வித்து இருக்கும். அது கழுவினால் முழுதாகப் போகாது. காற்று இருக்கும் இடத்தில் அது வளராது. காற்றில்லாமல், புளிப்பில்லாமல், வெதுவெதுப்பாக ஓரிடம் கிடைத்தால் வளர்ந்து நஞ்சைக் கக்கும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு, பாண்டிச்சேரி வெயில், மூடிய பாட்டில் மூன்றும் சேர்ந்தால் அதற்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிடுகிறது. நாம் நல்லது என்று ஊற்றுகிற எண்ணெய்தான் அங்கே காற்றை அடைக்கிறது.

அந்த நஞ்சுக்கு வாடை கிடையாது, ருசியும் மாறாது. ‘மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது’ என்பது இங்கே சாட்சியாகாது. பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, நாக்குக் குழறுவது என்று ஆரம்பித்து மூச்சு வரை போகும். வயதானவர்களுக்கு வந்தால் பக்கவாதம் என்று நினைத்துவிடக்கூடும், ஆகவே என்ன சாப்பிட்டோம் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். அபூர்வமான நோய்தான், நான் பயமுறுத்தவில்லை. ஆனால் கதையுமில்லை. பிரான்சிலேயே 2024-இல் காட்டுப்பூண்டு இலையில் கையால் செய்த பெஸ்டோவைச் சாப்பிட்டவர்கள் இந்த நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், பத்திரிகைகளில் வந்தது.

அதனால் வீட்டில் அரைத்ததை ஃபிரிட்ஜில் மூன்று நாலு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மேலே எண்ணெய் விடுவது நிறம் கருக்காமல் இருக்க மட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வையுங்கள், ஒரு கட்டி ஒரு ஆளுக்கு. சீஸ் சேர்க்காமல் உறையவைத்து, கரைந்த பிறகு சீஸ் போட்டால் ருசி நன்றாக இருக்கும். நாள் பூரா கரண்டு போய் கட்டி உருகிவிட்டதென்றால் திரும்ப உறையவைக்காமல் கொட்டிவிடுங்கள். பாட்டிலில் நிரப்பி ரயிலில் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். செடியைக் கொடுத்தனுப்புங்கள், அங்கே ஜன்னலில் வைத்துக்கொள்ளட்டும்.

மைத்துனி மூன்று பாட்டிலையும் கொட்டினாள். என் பேச்சைக் கேட்டு இல்லை. சென்னையிலிருந்த மகன் ஒரு டாக்டர் நண்பரிடம் கேட்டுச் சொன்னான். என்னோடு பேச ஆரம்பித்தது அவள் தங்கைப் பேத்தியின் காதுகுத்தில்தான். அக்காவுக்கு என்று ஐஸ் கட்டியாகப் பன்னிரண்டு கொண்டுவந்து கொடுத்தாள். பூண்டே போடவில்லையாம். என் மனைவி என்னுடையதைவிட அது நன்றாக இருக்கிறது என்கிறாள். முந்திரி வறுத்துப் போட்டிருக்கிறாள், அது எனக்குச் சம்மதமில்லை.

இந்த வருடம் ஒரு செடியை மட்டும் கிள்ளாமல் பூக்க விட்டிருக்கிறேன். தேனீ வருகிறது. விதை முற்றிக் கதிர் பழுப்பானதும் உதிர்த்து வைப்பேன். வேண்டியவர்கள் மார்கழி பிறந்ததும் கேளுங்கள்.